அன்றாடச் செலவுக்கு டெபிட்டா, கிரெடிட்டா? அப்பா ஒன்று சொல்கிறார், நண்பர்கள் ஒன்று சொல்கிறார்கள்

திருப்பூர் தையல்:

வணக்கம். ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசராக வேலை பார்க்கிறேன். கைக்கு வருவது 38,000. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்து நான்கு மாதம் ஆகிறது. வாடகை தனி. அது போக மளிகை, பால், காய்கறி, பெட்ரோல், கேஸ், போன் பில், மருந்து என்று மாதம் 22,000 ரூபாய் வரை போகிறது. இதுவரை எல்லாமே டெபிட் கார்டிலும் யுபிஐயிலும்தான்.

சம்பளக் கணக்கு உள்ள வங்கியிலிருந்து வாரம் தவறாமல் கூப்பிடுகிறார்கள். ஆண்டுக் கட்டணமே கிடையாது, கிரெடிட் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். கூட வேலை செய்பவர்களில் பாதிப் பேர் வாங்கிவிட்டார்கள். அப்பா மட்டும் கூடவே கூடாது என்கிறார். பவர் டேபிள் என்ற மின் தையல் மெஷின் போட்டிருந்த காலத்தில் வட்டிக்கு வாங்கி, அதை அடைக்கவே ஆறு வருடம் தைத்தவர் அவர். அவர் பேச்சைத் தட்டவும் மனமில்லை, காரணம் தெரியாமல் கேட்டுக்கொள்ளவும் மனமில்லை. பெரிய பொருள் வாங்கும் திட்டம் எதுவும் இல்லை. தினசரிச் செலவுக்கு மட்டும் எது நல்லது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வடக்குமாசி:

தம்பி, கிரெடிட் கார்டு வாங்குங்கள். பாயின்ட்டுக்காகவோ கேஷ்பேக்குக்காகவோ சொல்லவில்லை. திருட்டுக்காகச் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு, மாதம் 2-ஆம் தேதி, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு என் டெபிட் கார்டில் நான்கு முறை பணம் போனது. மொத்தம் 61,400. ஏதோ வெளிநாட்டு இணையதளம். அங்கே பல இடங்களில் ஓடிபி கேட்பதில்லை. எப்போதோ ஒரு சந்தா கட்டுவதற்காக வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டு மூட மறந்திருந்தேன். காலையில் எழுந்து பார்த்தால் கணக்கில் 1,900 சொச்சம்தான் இருந்தது. 5-ஆம் தேதி வீட்டுக் கடன் தவணை ரிட்டர்ன் ஆனது, அதற்கு அபராதம் வேறு. மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட மச்சானிடம் கை நீட்டினேன். அன்று காலையிலேயே புகார் கொடுத்ததால் வங்கி பணத்தைத் திருப்பிப் போட்டது. ஆனால் ஒன்பதாவது வேலை நாளில். நடுவில் வந்த விடுமுறைகளைச் சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டு வாரம். அந்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்று எனக்கும் என் மனைவிக்கும்தான் தெரியும்.

இதே திருட்டு கிரெடிட் கார்டில் நடந்திருந்தால் போவது வங்கியின் பணம். என் சம்பளம் என் கணக்கில் அப்படியே இருந்திருக்கும். தவணை போயிருக்கும், பீஸ் கட்டியிருப்பேன், வங்கியோடு ஆற அமர வாதாடியிருப்பேன். அன்றிலிருந்து வெளியே எங்கேயும் டெபிட் கார்டை நீட்டுவதில்லை. ஏடிஎம்மில் பணம் எடுக்க மட்டும்தான் அது.

ஓய்வு காசாளர்:

வடக்குமாசி பட்டது உண்மையான கஷ்டம். நானும் 36 வருடம் வங்கியில் இருந்தவன், அதில் பாதி கவுன்டரில். அவர் நிலையில் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பாதுகாப்பு விதி இரண்டு கார்டுக்கும் ஒன்றுதான் என்பதைத் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும்.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கை அது. தவறு உங்கள் மேலும் இல்லை, வங்கி மேலும் இல்லை, வேறெங்கோ ஓட்டை என்று வையுங்கள். வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் புகார் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் உங்கள் பொறுப்பு. 5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கும் அதே 10,000தான். புகார் கொடுத்த 10 வேலை நாளுக்குள் வங்கி பணத்தைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஓடிபியை நீங்களே சொல்லிக் கொடுத்திருந்தால், புகார் கொடுக்கும் வரை போனதெல்லாம் உங்கள் தலையில். எந்த கார்டானாலும் அப்படித்தான்.

சரி, திருட்டு வாழ்நாளில் ஒரு முறையோ இரண்டு முறையோ வரும். வட்டி மாதாமாதம் வரும். நம் ஊரில் வட்டியை எப்படிப் பேசுகிறோம்? நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி, மூன்று ரூபாய் என்றால் மூன்று வட்டி. மூன்று வட்டிக்குக் கடன் வாங்குகிறேன் என்று மகன் சொன்னால் எந்தத் தகப்பனுக்கும் தூக்கம் வராது. கிரெடிட் கார்டு வட்டி பல வங்கிகளில் மூன்றரை வட்டி, சிலவற்றில் அதற்கும் மேல். ஆண்டுக்கு 42 சதவீதம். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

கேட்க யாராவது இருக்கிறார்களா என்றால், இருந்தார்கள். 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்புச் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. இன்றைக்குக் கார்டு வட்டிக்கு இத்தனை சதவீதம்தான் என்று உச்சவரம்பு எதுவும் இல்லை. உங்கள் அப்பா சொல்வதில் தவறே இல்லை தம்பி.

வடக்குமாசி:

ஐயா, விதி ஒன்றுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 10 வேலை நாளும் யாருடைய பை காலியாக இருக்கிறது? டெபிட்டில் என் பை, கிரெடிட்டில் வங்கியின் பை. சண்டை நடக்கும்போது பணம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அவசரமில்லை. இதைத்தான் நான் அனுபவத்தில் கற்றேன்.

இன்னொன்று. 2022-ல் ரிசர்வ் வங்கி கார்டுகளுக்கென்று தனி வழிகாட்டுதல் கொண்டுவந்தது. கிரெடிட் கார்டில் ஒரு பரிவர்த்தனையை மோசடி என்று நீங்கள் புகார் செய்துவிட்டால், விசாரணை முடியும் வரை அந்தத் தொகைக்கு எந்தக் கட்டணமும் போடக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஆக எனக்கு வட்டியும் இல்லை, பணமும் பத்திரம்.

வட்டி எப்போது வரும்? பில்லை முழுதாகக் கட்டாவிட்டால்தானே? முழுதாகக் கட்டுபவனுக்கு 42 சதவீதமானால் என்ன, 100 சதவீதமானால் என்ன?

வட்டிக்கணக்கு:

நான் கணக்கு எழுதும் ஆள். இரண்டு பக்கமும் வாயால் பேசுவதை எண்ணில் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் லாபம். தம்பியின் செலவு 22,000. முழுவதும் கார்டிலேயே போனாலும், சாதாரண கார்டில் 1 சதவீதம் திரும்பி வரும் என்று வைத்தால் மாதம் 220. வருடத்துக்கு 2,640. அந்தப் பணம் பில் தேதி வரை சேமிப்புக் கணக்கில் உட்கார்ந்திருப்பதால் 3 சதவீத வட்டி என்று வைத்தால் வருடத்துக்கு இன்னும் 660 வரலாம். மொத்தம் 3,300. பால்காரரும் வாரச்சந்தையும் கார்டு வாங்க மாட்டார்கள் என்பதால் உண்மையில் இதைவிடக் குறையும்.

இப்போது நஷ்டம். டிசம்பர் 20-ல் 40,000 ரூபாய்க்கு ஏதோ வாங்குகிறீர்கள். ஜனவரி 15-ல் பில். கடைசித் தேதி பிப்ரவரி 4. அன்று குறைந்தபட்சத் தொகை என்று போட்டிருக்கும் 2,000-ஐ மட்டும் கட்டுகிறீர்கள். அடுத்த பில் பிப்ரவரி 15-ல் வரும். வட்டி பிப்ரவரி 4-லிருந்து ஓடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. வாங்கிய நாளிலிருந்து ஓடும். 40,000-க்கு 46 நாள், 42 சதவீதத்தில் 2,117 ரூபாய். மீதி 38,000-க்கு 11 நாள், 481 ரூபாய். இரண்டும் சேர்த்து 2,598. ஜிஎஸ்டி 468. ஆக 3,066.

2,000 கட்டினீர்கள். பாக்கி 38,000 ஆகவில்லை, 41,066 ஆகிவிட்டது. கட்டிய பிறகு கடன் கூடியிருக்கிறது.

இதில் இன்னும் மோசமான ஒன்று உண்டு. 40,000-ல் 38,000-ஐக் கட்டி 2,000 மட்டும் பாக்கி வைத்தாலும், பல வங்கிகளில் அந்த முதல் 46 நாள் வட்டி முழு 40,000-க்கும்தான். அது மட்டுமில்லை, பாக்கி இருக்கும் வரை புதிதாக வாங்கும் மளிகைக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. தேய்த்த அன்றே வட்டி.

ஒரு வருடம் ஒழுங்காக இருந்து சம்பாதிப்பது 3,300-க்குள். ஒரு மாதம் தவறினால் போவது 3,066. வடக்குமாசி சொன்ன ‘முழுதாகக் கட்டுபவன்’ பன்னிரண்டு மாதமும் முழுதாகக் கட்ட வேண்டும். பதினொன்று போதாது. பாயின்ட்டுக்காக யாரும் கிரெடிட் கார்டு எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. பாதுகாப்புக்காக எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

காவிரிக்கரை:

மேலே வட்டிக்கணக்கு அண்ணன் எழுதிய அந்த 41,066-ஐ நான் வாழ்ந்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

எங்களிடம் இரண்டு கார்டு இருந்தன. ஆரம்பத்தில் இரண்டு வருடம் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. வீட்டுக்காரருக்கு முதுகில் ஆபரேஷன் நடந்து மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் போனது. மருத்துவமனைச் செலவை நாங்கள் கார்டில் போடவே இல்லை, அது சேமிப்பில் போனது. கார்டில் போட்டதெல்லாம் அரிசி, எண்ணெய், பிள்ளைகள் நோட்டுப் புத்தகம், கேஸ். கையில் பணம் இல்லாத மாதத்திலும் கார்டு வேலை செய்தது. அதுதான் பிரச்சினையே. டெபிட் கார்டு என்றால் பணம் இல்லை என்று அன்றே சொல்லியிருக்கும். நாங்களும் அன்றே அண்ணனிடமோ அம்மாவிடமோ போயிருப்போம். கார்டு சொல்லவில்லை. 14 மாதம் குறைந்தபட்சத் தொகை கட்டிக்கொண்டே இருந்தோம். பாக்கி 70,000-க்குக் கீழே இறங்கவே இல்லை.

கடைசியில் என் செயினைக் கூட்டுறவு வங்கியில் வைத்து நகைக் கடன் வாங்கி இரண்டு கார்டையும் அடைத்தேன். நகைக் கடன் வட்டி ஒரு வட்டிக்கும் கீழே. மூன்றரை வட்டியிலிருந்து அங்கே மாறிய மாதம்தான் முதல் முறையாக அசல் குறைந்தது. இதை முதல் மாதமே செய்திருக்கலாம். கழுத்தில் கிடக்கும் நகையை வைக்கக் கூச்சப்பட்டு, கண்ணுக்குத் தெரியாத கடனை வளரவிட்டோம்.

கார்டை ரத்து செய்யச் சொன்னால் ஒரு வங்கி இழுத்தடித்தது. பாக்கி இல்லையென்றால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று அந்த 2022 வழிகாட்டுதலில் இருப்பதை எழுதிக் கொடுத்தேன். ஆறாம் நாள் மூடிவிட்டார்கள்.

தம்பி, புதுக் குடித்தனம். நாளைக்குப் பிரசவச் செலவு வரும், சம்பளம் தள்ளிப் போகும். முழுதாகக் கட்டுவேன் என்று இன்றைக்கு நினைப்பது உண்மைதான். நாங்களும் உண்மையாகத்தான் நினைத்தோம்.

வடக்குமாசி:

அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அது சம்பளம் நின்ற கஷ்டம் இல்லையா? கார்டு இல்லாவிட்டால் வெளியே வட்டிக்கு வாங்கியிருக்க வேண்டி வந்திருக்கும்.

காவிரிக்கரை:

வெளியே வாங்க ஒரு ஆளிடம் போய் நின்று கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் பத்து முறை யோசிப்போம், எவ்வளவு குறைத்து வாங்கலாம் என்று பார்ப்போம். கார்டில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நான் சொல்லும் வித்தியாசம் அதுதான்.

பொருளியல் வகுப்பு:

கல்லூரியில் பாடம் எடுப்பவள். காவிரிக்கரை சொல்வதற்குப் பக்கபலமாக ஒரு ஆய்வு உண்டு. அமெரிக்காவின் எம்ஐடியில் பிரெலெக், சிமெஸ்டர் என்ற இருவர் 2001-ல் வெளியிட்டது. கூடைப்பந்து ஆட்டத்துக்கான டிக்கெட்டை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். ஒரு பாதியினரிடம் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்றும், மறு பாதியினரிடம் கிரெடிட் கார்டில் கட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். கார்டுக்காரர்கள் கேட்ட விலை ஏறக்குறைய இரு மடங்கு. கடைசித் தேதி வரும்போதுதான் பணம் போவது உறைக்கிறது, தேய்க்கும்போது உறைப்பதில்லை.

வடக்குமாசி:

மேடம், அந்த ஆய்வு ரொக்கத்தையும் கிரெடிட்டையும் ஒப்பிட்டது. இங்கே கேள்வி டெபிட்டா கிரெடிட்டா என்பது. தம்பி இன்றைக்குப் பயன்படுத்துவது யுபிஐ. டீக்கடையில் போனைக் காட்டிப் 15 ரூபாய் போடும்போது யாருக்கு உறைக்கிறது? மாதக் கடைசியில் யுபிஐ பட்டியல் 180 வரி வருகிறது, அதை உட்கார்ந்து பார்ப்பவர் எத்தனை பேர்? கிரெடிட் கார்டு பில்லாவது கூட்டிப் போட்டு ஒரே எண்ணாக முகத்துக்கு நேரே வருகிறது. எங்கள் வீட்டில் செலவு குறைந்ததே அந்த ஒரு எண்ணைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான்.

பொருளியல் வகுப்பு:

நியாயமான கேள்வி. யுபிஐ ரொக்கத்தைப் போல உறைப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கில் இருப்பதற்கு மேல் யுபிஐ போகாது. அந்த ஒரு சுவரையாவது அது விட்டுவைக்கிறது.

ஈரோடு பாத்திரக்கடை:

எல்லோரும் வாங்குபவர் பக்கமே பேசுகிறீர்கள். விற்பவன் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

ரூபே (விசா, மாஸ்டர்கார்டு போல நம் நாட்டுக் கார்டு வகை) டெபிட் கார்டுக்கும், வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐக்கும் 2020 ஜனவரி முதல் கடைக்காரருக்குக் கமிஷன் இல்லை. வேறு டெபிட் கார்டுகளுக்கு உச்சவரம்பு உண்டு. வருட விற்பனை 20 லட்சத்துக்குள் இருக்கும் கடைக்கு 0.4 சதவீதம், அதற்கு மேல் போனால் 0.9 சதவீதம். கிரெடிட் கார்டுக்கு அப்படி வரம்பு கிடையாது. எனக்கு 2 சதவீதம் பிடிக்கிறார்கள், அந்தக் கமிஷன் மேல் ஜிஎஸ்டியும் உண்டு. ஒருவர் 10,000 ரூபாய்க்குக் கல்யாணச் சீர் பாத்திரம் எடுத்துக் கிரெடிட் கார்டைத் தேய்த்தால் எனக்கு 236 ரூபாய் போகிறது. ரூபே டெபிட் என்றால் ஒன்றும் போகாது. பித்தளையிலும் எவர்சில்வரிலும் எடைக்கு விற்கும்போது கிலோவுக்கு நிற்கும் லாபம் என்ன என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கிரெடிட் கார்டு என்றால் 2 சதவீதம் கூடக் கேட்கிறார்கள் என்று கடைக்காரர்கள் மேல் கோபப்படுகிறார்கள். டெபிட் கார்டுக்கு அப்படிக் கூடுதல் வாங்கக் கூடாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது, அதை மீறுவது தவறுதான். ஆனால் உங்களுக்குக் கிடைக்கும் 1 சதவீதப் பரிசு எங்கிருந்து வருகிறது? வங்கி தன் கைக்காசையா தருகிறது? என் கல்லாவிலிருந்து போன 236-ல் ஒரு பங்குதான் அது. நான் அதை விலையில் ஏற்றினால், கார்டே இல்லாமல் ரொக்கம் கொண்டுவரும் கிராமத்துப் பாட்டியும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். இது என் மனதை அறுக்கும் விஷயம்.

2022 செப்டம்பரிலிருந்து ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் சேர்த்துக்கொள்ளலாம். சிறு கடைகளில் 2,000 ரூபாய் வரை அதற்குக் கமிஷன் இல்லை. தம்பி கார்டு எடுத்தே தீர வேண்டும் என்றால் ரூபே எடுங்கள். தெருமுனை மளிகைக்கடைக்காரருக்கு உங்களால் நஷ்டம் வராது.

திருப்பூர் தையல்:

எல்லோருக்கும் நன்றி. பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. காவிரிக்கரை அக்கா எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள்.

இன்னொரு கேள்வி. நாலைந்து வருடத்தில் வீடு கட்ட ஆசை. கிரெடிட் கார்டு இல்லாவிட்டால் சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) வராது, கடன் கிடைக்காது என்கிறார்களே?

ஓய்வு காசாளர்:

பாதி உண்மை. டெபிட் கார்டை எவ்வளவு தேய்த்தாலும் சிபிலுக்குப் போகாது, ஏனென்றால் அது உங்கள் பணம், கடன் இல்லை. ஸ்கோர் 300-லிருந்து 900 வரை. கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டியவருக்குத்தான் அது ஏறும். ஆனால் அதற்குக் கார்டுதான் வழி என்பதில்லை. நகைக் கடன், வண்டிக் கடன் எல்லாம் பதிவாகும். முதல் முறை கடன் கேட்பவரைப் பழைய பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

திருட்டுக்கு நான் சொல்லும் வழி வேறு. இரண்டு கணக்கு வையுங்கள். சம்பளமும் தவணையும் ஒரு கணக்கில். அந்தக் கணக்கின் கார்டை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோகாதீர்கள், யுபிஐயிலும் சேர்க்காதீர்கள். இரண்டாவது கணக்கில் வாரத்துக்கு 5,500 மட்டும் மாற்றுங்கள். டெபிட் கார்டும் யுபிஐயும் அதில். திருடன் வந்தாலும் அந்த வாரத்துக் காய்கறிப் பணம்தான் போகும். வடக்குமாசிக்கு 61,400 போனது டெபிட் கார்டால் இல்லை, முழுச் சம்பளத்தையும் வெளியே நீட்டும் கார்டுக்குப் பின்னால் வைத்ததால்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அப்பாவுக்கு ஜன்தன் கணக்கு இருந்தால், 2018 ஆகஸ்ட் 28-க்குப் பிறகு திறந்த கணக்கின் ரூபே கார்டில் 2 லட்சம் விபத்துக் காப்பீடு உண்டு, அதற்கு முன் திறந்தது என்றால் 1 லட்சம். ஆனால் விபத்துக்கு முந்தைய 90 நாளில் அந்தக் கார்டை ஒரு முறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். பீரோவில் பூட்டி வைத்த கார்டுக்குப் பணம் வராமல் திரும்பிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 100 ரூபாயாவது எடுக்கச் சொல்லுங்கள்.

வடக்குமாசி:

இரண்டு கணக்கு யோசனை நன்றாகத்தான் இருக்கிறது ஐயா, என் காலத்தில் யாரும் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது கணக்குக்கும் பல இடங்களில் குறைந்தபட்ச இருப்பு வேண்டும். ஹோட்டலில் தங்கினால் முன்பணமாக டெபிட்டில் பிடித்து வைப்பார்கள், விடுவிக்க ஒரு வாரம்கூட ஆகும். ஆன்லைனில் வாங்கிய பொருள் வராமல் போனாலும் இதே கதைதான். அதனால் என் முடிவு மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: காவிரிக்கரை அக்கா எழுதியதைப் படித்த பிறகு என் கார்டின் வரம்பை 3 லட்சத்திலிருந்து 60,000 ஆகக் குறைக்கச் சொல்லிவிட்டேன். இரண்டு மாதச் செலவுக்கு மேல் அதில் இடம் இருக்கத் தேவையில்லை.

வட்டிக்கணக்கு:

ஸ்கோரைப் பற்றி ஐயாவிடம் சிறு மாறுபாடு. பல வங்கிகள் இப்போது வீட்டுக் கடன் வட்டியையே ஸ்கோரைப் பார்த்து வைக்கின்றன. 20 வருடக் கடனில் கால் சதவீதம்கூடப் பெரிய பணம். பதிவு எதுவுமே இல்லாமல் போய் நிற்பதைவிட, நான்கு வருடம் சுத்தமாகக் கட்டிய ஒரு சிறு கார்டு இருப்பது நல்லது. வரம்பில் 30 சதவீதத்துக்குள் பயன்படுத்தினால் ஸ்கோருக்கு நல்லது என்பது பொதுவாகச் சொல்லப்படுவது.

பிக்சட் டெபாசிட் போட்டு அதன் மேல் கார்டு வாங்கலாம். 20,000 போட்டால் அதற்குள்தான் வரம்பு வரும். தவறினாலும் டெபாசிட்டில் எடுத்துக்கொள்வார்கள், கடன் மலை போல வளராது. சம்பளத் தேதிக்குப் பிறகு கடைசித் தேதி வரும்படி பில் தேதியை மாற்றிக் கேளுங்கள், அந்த உரிமை உங்களுக்கு உண்டு. கார்டு வந்ததும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை மூடியே வையுங்கள். அந்தக் கார்டில் ஏடிஎம்மில் பணம் மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். எடுத்த நொடியிலிருந்து வட்டி, தனிக் கட்டணம் வேறு.

காவிரிக்கரை:

டெபாசிட் கார்டு என்றால் எனக்கும் அவ்வளவு பயமில்லை. ஆனால் அரிசி பருப்பை அதில் போடாதீர்கள் தம்பி. பெட்ரோலும் போன் பில்லும் போதும். மாதாமாதம் வாங்கியே ஆக வேண்டிய சாப்பாட்டுச் செலவு கையில் இருக்கும் பணத்தில் நடக்கட்டும். பணம் குறைவது அப்போதுதான் வீட்டில் இருவருக்கும் தெரியும்.

திருப்பூர் தையல்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். காசாளர் ஐயா சொன்னபடி இரண்டாவது கணக்கு தொடங்கிவிட்டேன், திங்கள்தோறும் 5,000 அதில் போகிறது. மளிகையும் காய்கறியும் அதிலிருந்துதான். 20,000 டெபாசிட் போட்டு ஒரு ரூபே கிரெடிட் கார்டும் வாங்கினேன். வரம்பு 18,000. பெட்ரோல், போன், கேஸ் மூன்றும் அதில். அப்பாவிடம் மூன்றரை வட்டிக் கணக்கை முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் வாங்கினேன். டெபாசிட்டுக்குள்தான் வரம்பு என்று கேட்ட பிறகு, சரி, பில்லை மாதாமாதம் எனக்குக் காட்டு என்றார். கடைசித் தேதியில் தானாகவே கணக்கிலிருந்து கட்டும்படி செய்துவிட்டேன்.

ஓய்வு காசாளர்:

வாங்கியிருக்க வேண்டாம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன் தம்பி. வாங்கிவிட்டீர்கள், சரி. ஒன்று மட்டும் இப்போதே பாருங்கள். தானாகக் கட்டும் இடத்தில் மொத்தத் தொகை, குறைந்தபட்சத் தொகை என்று இரண்டு இருக்கும். எது போட்டிருக்கிறது?

திருப்பூர் தையல்:

பார்த்தேன் ஐயா. குறைந்தபட்சத் தொகை என்றுதான் இருந்தது. விண்ணப்பத்தில் யார் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெரியவில்லை, நான் தேர்ந்தெடுத்ததாக நினைவில்லை. முதல் பில் 12-ஆம் தேதி வருகிறது. இப்போது மொத்தத் தொகைக்கு மாற்றிவிட்டேன். மாற்றியதற்கு எஸ்எம்எஸ் வந்துவிட்டது, அதை அப்பாவுக்கும் அனுப்பியிருக்கிறேன்.